கூந்தலைக் கூறுபோடும் சந்தை

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை ஒட்டித் தொடங்குகிறது சாலைக் கடைத்தெரு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய இந்தக் கடைத்தெருவில் தமிழ் வணிகர்களும் மலையாள வணிகர்களும் தலைமுறை தலைமுறையாக அருகருகே கடை நடத்திவருகிறார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் சீயக்காயும் வெந்தயமும் நெல்லிமுள்ளியும் உலர்ந்த கரிசலாங்கண்ணியும் இன்றும் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. அதே நகரின் பேரங்காடிகளுக்குள் நுழைந்தால் வேறொரு உலகம். எண்ணெய்ப் பசையுள்ள கூந்தலுக்கு ஒரு ஷாம்பு, வறண்ட கூந்தலுக்கு ஒன்று, சுருண்ட கூந்தலுக்கு ஒன்று, சாயம் பூசிய கூந்தலுக்கு ஒன்று, உதிரும் கூந்தலுக்கு ஒன்று, 'சேதமடைந்த' கூந்தலுக்கு ஒன்று என அடுக்கு நீள்கிறது. குறை ஏதுமில்லாத கூந்தலுக்கு என்று ஒரு புட்டியைத் தேடினால் கிடைக்காது.

நகரின் பெரிய ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்கள், பேருந்து ஏறுவதற்கு முன் இந்த அடுக்குகளைக் கடந்துதான் செல்கிறார்கள். வேலை நேரத்தில் உட்காரும் உரிமையை விற்பனைப் பெண்கள் போராடிப் பெற்ற மாநிலம் கேரளம். 2018இல் அதற்காகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டம் இயற்றியது. ஒரு நாற்காலிக்காகச் சட்டத் திருத்தம் வரை போராட வேண்டியிருந்த அந்தப் பெண்களிடம் அடுக்கு கேட்கிறது: "உங்கள் கூந்தல் எந்த வகை?"

இது ஒரு கட்சி ஏடு பேச வேண்டிய பொருளா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேலையின்மையும் விலைவாசியும் வகுப்புவாதமும் நாட்டை வாட்டும்போது ஷாம்புவைப் பற்றி என்ன விவாதம் என்பது அவர்கள் வாதம். மாதச் சம்பளத்தில் சோப்புக்கும் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் எவ்வளவு போகிறது என்பதை ஒரு தொழிலாளர் குடும்பத்தின் அடுக்களையில் நின்று கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். உற்பத்தி, மனிதருக்குப் பொருளை மட்டும் படைப்பதில்லை, அந்தப் பொருளுக்கேற்ற மனிதரையும் படைக்கிறது என்று 1857இல் எழுதிய முன்னுரையிலேயே மார்க்ஸ் விளக்கிவிட்டார். 'கூந்தல் வகை' என்ற கேள்வி அத்தகைய ஒரு படைப்பு. அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், விடையால் யாருக்கு ஆதாயம் என்று ஆராய்வது அரசியல் கடமை.

வகைப்பாட்டின் பிறப்பிடம்

மனித முடியை வகை பிரிக்கும் வழக்கம் குளியலறையில் பிறந்ததன்று. அதன் வேர்களில் ஒன்று காலனியாதிக்கத்தின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. ஜெர்மானிய மானுடவியலாளர் ஆய்கன் ஃபிஷர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடியின் நிறத்தை ஒப்பிட்டு அளப்பதற்கென்றே ஒரு மாதிரிப் பலகையை வடிவமைத்தார். 1908இல் ஜெர்மனியின் பிடியிலிருந்த இன்றைய நமீபியாவுக்குச் சென்று, ஐரோப்பிய ஆப்பிரிக்கக் கலப்பில் பிறந்த மக்களின் உடலை அளந்து இனக்கலப்புக்கு எதிரான முடிவுகளை எழுதினார். 1927இல் பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் மானுடவியல் நிறுவனத்தின் இயக்குநராக அமர்ந்த அவர், பின்னாளில் நாஜிகளின் இனக்கொள்கைக்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்தவர்களில் ஒருவர்.

தென்னாப்பிரிக்காவில் 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தபோது, ஒருவர் வெள்ளையரா கருப்பரா கலப்பினத்தவரா என்று முடிவு செய்யத் தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஒரு வாழ்வு; முடியில் சிக்கி நின்றால் வேறொரு வாழ்வு. ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகள் வெவ்வேறு இனப் பட்டியலில் சேர்க்கப்பட்டுப் பிரிக்கப்பட்ட கொடுமையும் நடந்தது.

நிறவெறி ஆட்சி 1994இல் வீழ்ந்தது. பென்சில் வீழவில்லை, அது விளம்பரத்துக்குள் புகுந்துகொண்டது. 2020 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் 'கிளிக்ஸ்' கடைச் சங்கிலியின் இணையதளத்தில் ட்ரெசமே ஷாம்பு விளம்பரம் ஒன்று வெளிவந்தது. கருப்பினப் பெண்களின் முடிப் படங்களுக்குக் கீழே 'வறண்டது, சேதமடைந்தது' என்றும் 'சிலும்பியது, மங்கியது' என்றும் எழுதப்பட்டிருந்தது. வெள்ளைப் பெண்ணின் முடிக்குக் கீழே 'இயல்பானது' என்று எழுதப்பட்டிருந்தது. மக்கள் வீதிக்கு வந்தார்கள், கடைகள் மூடப்பட்டன. ட்ரெசமேயின் உரிமையாளரான யூனிலீவர் மன்னிப்புக் கேட்டு, அந்நாட்டுக் கடைகளிலிருந்து அந்தப் பொருளை 10 நாட்களுக்குத் திரும்பப் பெற நேர்ந்தது.

அதே ட்ரெசமே இன்று திருவனந்தபுரத்துப் பேரங்காடிகளிலும் விற்கிறது. யூனிலீவரின் இந்தியக் கிளையான ஹிந்துஸ்தான் யூனிலீவர்தான் சன்சில்க், டவ், கிளினிக் பிளஸ் ஆகியவற்றின் உரிமையாளர். பல பெயர்கள், பல நிறங்கள், பல 'வகைகள்', பணப்பெட்டி ஒன்றுதான். இந்தியாவில் 'சேதமடைந்தது' என்ற சொல்லுக்கு மேலே கருப்பினப் பெண்ணின் படம் இருக்காது. இங்கே அந்த இடத்தில் சுருண்ட முடியும் எண்ணெய் பூசிப் பின்னிய சடையும் வைக்கப்படுகின்றன. விளம்பரத்தின் 'முன்பு' பகுதியில் வரும் பெண், பெரும்பாலும் கடற்கரைக் கிராமத்திலும் மலையடிவாரத்திலும் காணும் உழைக்கும் பெண்ணின் சாயலில் இருக்கிறாள். 'பின்பு' பகுதியில் அவள் முடி நீட்டி நிமிர்த்தப்பட்டுப் பளபளக்கிறது. வர்க்கமும் சாதியும் நிறமும் இவ்வாறு முடியின் 'வகை'யாக மொழிபெயர்க்கப்படுகின்றன.

தென் திருவிதாங்கூருக்கு இந்த மொழிபெயர்ப்பு புதிதன்று. யார் தோள்சீலை அணியலாம், யார் தலைப்பாகை கட்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்த மண் அது. தம்மைப் பின்பற்றியவர்களைத் தலைப்பாகை அணியச் சொன்ன அய்யா வைகுண்டரைத் திருவிதாங்கூர் அரசு பிடித்துச் சென்று திருவனந்தபுரத்தில்தான் சிறைவைத்தது. தோள்சீலை உரிமையை 1859இல் மன்னரின் பிரகடனம் ஏற்கும்வரை நாடார் பெண்கள் போராட வேண்டியிருந்தது. தன் உடலைத் தன் விருப்பப்படி பேணும் உரிமைக்காக இரத்தம் சிந்திய மக்களின் வாரிசுகளிடம், உங்கள் இயற்கையே ஒரு குறை என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது அதை வெறும் வணிகம் என்று கடந்துபோக முடியாது.

இந்துலேகாவின் கதை

'பன்னாட்டுப் பொருள்களை விட்டுவிட்டு உள்ளூர் மூலிகைப் பொருள்களை வாங்கலாமே' என்று கேட்பவர்களுக்குக் கேரளமே ஒரு பதில் வைத்திருக்கிறது. இந்துலேகா என்ற பெயர் மலையாளிகளுக்கு முதலில் நினைவூட்டுவது 1889இல் ஓ.சந்துமேனன் எழுதிய நாவலை. படித்த பெண்ணான அதன் நாயகி, செல்வாக்கு மிக்க நம்பூதிரியின் சம்பந்தத்தை மறுத்துத் தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்தவள். அதே பெயரில் கேரளத்தைச் சேர்ந்த மோசன்ஸ் குழுமம் கூந்தல் எண்ணெய் விற்றது. 2015 டிசம்பரில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் அந்தப் பெயரை 330 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. தொழிற்சாலையைவிட, மூலிகையைவிட, எண்ணெயைவிடப் பெயருக்குத்தான் விலை. தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்த பெண்ணின் பெயர், இன்று பெண்களுக்காக லண்டன் தலைமையகம் தேர்ந்தெடுக்கும் பொருளின் பெயர்.

உள்ளூர் முதலாளி வளர்ந்தால் உலக முதலாளியிடம் விற்றுவிடுவார். விற்காதவர் அவரைப் போலவே நடந்துகொள்வார். 'சுதேசி' என்ற முத்திரையோடு வரும் சாமியார் நிறுவனங்களின் கதையும் இதுவே. மூலதனத்துக்குக் காவி உடுத்தினாலும் கோட்டு மாட்டினாலும் பசி ஒன்றுதான்.

புட்டிக்குள் இருப்பது என்ன?

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அது கெரட்டின் என்னும் புரத இழை. முடி முளைக்கும் வேர்ப்பையின் வடிவம் வட்டமாக இருந்தால் முடி நேராகவும், நீள்வட்டமாக இருந்தால் சுருண்டும் வளர்கிறது. இதைத் தீர்மானிப்பது மரபணு. எந்த ஷாம்புவும் வேர்ப்பையின் வடிவத்தை மாற்றாது. உயிரற்ற இழைக்கு 'ஊட்டம்' கொடுப்பதாகச் சொல்வது, வெட்டிய நகத்துக்குச் சோறூட்டுவதாகச் சொல்வதற்குச் சமம்.

அப்படியானால் பொருத்தமான பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. அதற்கான அறிவு இரண்டு வரிகளில் அடங்குவது. ஷாம்புவைத் தீர்மானிப்பது முடி அன்று, தலைத்தோல். கண்டிஷனரையோ எண்ணெயையோ தீர்மானிப்பது தலைத்தோல் அன்று, முடியின் நீளமும் வறட்சியும். எண்ணெய்ப் பசை மிகுந்த, வியர்வை மிகுந்த தலைக்கு அடிக்கடி குளியல் வேண்டும். சுருள்முடியில் தலைத்தோலின் இயற்கையான எண்ணெய் நுனிவரை இறங்குவது கடினம் என்பதால் அது எளிதில் வறளும். அதற்குக் குறைவான ஷாம்புவும், குளித்தபின் கண்டிஷனரோ சிறிது எண்ணெயோ போதும். பொடுகு தொடர்ந்தால் கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்புவை மருத்துவர் பரிந்துரைப்பார். சாயம் பூசுமுன் காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்த்து ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இவ்வளவுதான். இதற்கு இருபது புட்டிகள் தேவையில்லை.

புட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு உண்மை தெரியும். கலவைப் பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான ஷாம்புகளில் முதலில் நீர், அடுத்து சோடியம் லாரெத் சல்ஃபேட், அதையடுத்து கோகமிடோபுரொப்பைல் பீட்டைன், உப்பு. பாதாமும் நெல்லியும் செம்பருத்தியும் பட்டியலின் கடைசியில், வாசனைத் திரவியத்துக்கு அருகில் ஒண்டிக்கொண்டிருக்கும். நுரை தரும் அந்த வேதிப்பொருள்கள் பெருமளவில் தேங்காய் எண்ணெயிலிருந்தும் பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தும் செய்யப்படுபவை. தென்னை விவசாயி விற்ற காய், நுரையாக மாறி, அதே விவசாயியின் வீட்டுக்குப் புட்டியில் திரும்பி வருகிறது. கூந்தல் எண்ணெய் என்ற பெயரில் விற்கப்படும் பல எண்ணெய்களில் முதலிடம் பெட்ரோலிய வடிப்பான திரவ பாராஃபினுக்கு. ஆனால் தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது, கனிம எண்ணெயால் அது முடியவில்லை என்று 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்த ஆய்வை நடத்தியவர்கள் பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். உண்மை, விற்பனைக்கு உதவும்போது மட்டும் நிறுவனங்களின் வாயிலிருந்து வெளிவரும்.

கண்ணாடி அறைக்குள் நடக்கும் 'நேராக்கும்' சிகிச்சை இதைவிட ஆபத்தானது. பல நேராக்கிக் களிம்புகள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்தியது. 2022இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 33,497 பெண்களிடம் நடத்திய ஆய்வு, நேராக்கிகளை அடிக்கடி பயன்படுத்துவோருக்கும் கருப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆண்டுக்கு இரண்டு முறை அமரும் வாடிக்கையாளரைவிட, நாள்தோறும் அந்தப் புகைக்குள் நிற்கும் அழகுநிலையப் பெண் தொழிலாளியின் நுரையீரல் யாருடைய கணக்கிலும் இல்லை.

விளம்பரம் கேட்காத கேள்வி

முடி உதிர்வுக்குக் காரணங்கள் பல. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. அதற்கு மேல் உதிர்ந்தால், மகப்பேற்றுக்குப் பிந்தைய மாற்றம், கடும் காய்ச்சல், தைராய்டு கோளாறு, மன அழுத்தம், பரம்பரை எனப் பார்க்க வேண்டியவை உண்டு. அவற்றில் முக்கியமானது இரும்புச்சத்துக் குறைவு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. பொது விநியோகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் வலுவாக உள்ள கேரளத்தில்கூட 36.3 விழுக்காடு.

'உங்கள் கூந்தல் எந்த வகை' என்று கேட்கும் விளம்பரம், 'இன்று என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்பதில்லை. 'எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்' என்று கேட்பதில்லை. இரத்தத்தில் இரும்பு இல்லாத பெண்ணுக்கு 'உதிர்வுத் தடுப்பு' ஷாம்பு விற்பது, கூரை ஒழுகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு விற்பது போன்றது. அவளுக்குத் தேவை கீரையும் முட்டையும் மீனும் இரும்புச்சத்து மாத்திரையும் ஓய்வும். முதல் மூன்றும் கூலியின் பிரச்சினை. நான்காவது பொதுச் சுகாதாரத்தின் பிரச்சினை. ஐந்தாவது வேலை நேரத்தின் பிரச்சினை. ஐந்தையும் ஒரு புட்டிக்குள் அடைத்து, சமூகத்தின் குற்றத்தைத் தனிப்பெண்ணின் தலையில் ஏற்றுவதுதான் இந்தச் சந்தையின் சாமர்த்தியம்.

பொய்க்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி

பொய் விளம்பரத்துக்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. வழுக்கையைப் போக்கும், புதுமுடி வளர்க்கும், இளநரையை மாற்றும் என்று எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொய் விளம்பரத்தில் நடிப்போருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

கேரளத்தில் ஒரு சாதாரண நுகர்வோர் இதைச் செய்துகாட்டினார். ஆறு வாரங்களில் முடி அடர்த்தியாகும் என்ற விளம்பரத்தை நம்பி 2012இல் தாத்ரி கூந்தல் களிம்பை 376 ரூபாய்க்கு வாங்கிய அவர், ஏமாற்றமடைந்து திருச்சூர் நுகர்வோர் மன்றத்தை அணுகினார். ஆண்டுகள் கடந்து வந்த தீர்ப்பு, நிறுவனத்துக்கும் விளம்பரத்தில் நடித்த அனூப் மேனனுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தாம் அந்தப் பொருளைப் பயன்படுத்தியதே இல்லை, தம் தாய் காய்ச்சித் தரும் எண்ணெயையே தேய்ப்பதாக நடிகர் மன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த வாக்குமூலத்தைவிடச் சிறந்த விளம்பரம் தேங்காய் எண்ணெய்க்குக் கிடைக்காது. ஆயினும் 376 ரூபாய்க்காக எட்டு ஆண்டுகள் நடக்க எத்தனை பேரால் முடியும்?

அதனால்தான் அரசின் முன்தடுப்பு தேவைப்படுகிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் விளம்பரங்களை வெளியிடுமுன் மாநில உரிம அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2018இல் மருந்து விதி 170 சேர்க்கப்பட்டது. ஒன்றிய பாஜக அரசு என்ன செய்தது? அந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2023இல் ஆயுஷ் அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியையே நீக்கி அறிவிக்கை வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அதை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடிக்கப்பட்டபோது அந்தத் தடையும் விலகிப்போனது. மூலிகை என்ற முத்திரை இருந்தால் முடி முளைக்கும் என்று முன்அனுமதி இன்றி முழங்கலாம் என்ற நிலை இன்று உருவாகியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான பாதையைத் திருவனந்தபுரத்தில் தலைமையகம் கொண்ட கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை காட்டியது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் 1954இன் கீழ், பதஞ்சலி குழுமத்தின் திவ்ய ஃபார்மசிமீது அது 2024இல் வழக்குகள் தொடுத்தது. நேரில் வராத ராம்தேவுக்கும் பாலகிருஷ்ணாவுக்கும் 2025இன் தொடக்கத்தில் பாலக்காடு நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. அதே துறை 2023இல் தொடங்கிய 'ஆபரேஷன் சௌந்தர்ய' சோதனைகளில் உரிமமற்ற அழகுசாதனங்கள் பறிமுதலாயின. சில மாதிரிகளில் அனுமதித்த அளவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பாதரசம் கண்டறியப்பட்டது. 70 ஆண்டுப் பழைய சட்டமும் பயன்படும், பயன்படுத்தும் துணிவு இருந்தால்.

விலையும் குப்பையும்

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, கூந்தல் எண்ணெய்மீதான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடானது. இதைப் பண்டிகைப் பரிசு என்று பிரதமர் முதல் விளம்பரப் பலகை வரை கொண்டாடினார்கள். எட்டு ஆண்டுகள் ஏழையின் தலைக்குளியலுக்கு 18 விழுக்காடு வசூலித்தவர்கள் யார் என்பதைப் பலகை சொல்லவில்லை. வரி குறைந்தால் விலை குறையும் என்பதற்கு உறுதி உண்டா? 2017 நவம்பரில் ஷாம்பு வரி 28இலிருந்து 18ஆகக் குறைந்தபோது, அந்தப் பயனை முழுமையாக மக்களுக்குக் கொடுக்காமல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் 383 கோடி ரூபாய் ஆதாயம் ஈட்டியதாகத் தேசிய மிகைலாபத் தடுப்பு ஆணையம் 2018 டிசம்பரில் முடிவு கூறியது. நிறுவனம் நீதிமன்றப் படியேறியது. அந்த ஆணையம் 2022இல் கலைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய மிகைலாபப் புகார்களே ஏற்கப்படுவதில்லை. திருடனைப் பிடித்த காவலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பூட்டு விலை மலிந்தது என்று மகிழச் சொல்கிறார்கள்.

அந்த 2025ஆம் ஆண்டிலேயே கேரளத்தில் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் சில்லறை விலை 400 ரூபாயைக் கடந்தது. சிறிய புட்டியில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்று அரசும் நிறுவனங்களும் பல ஆண்டுகள் வழக்காடின. 2024 டிசம்பர் 18இல்தான் அது சமையல் எண்ணெயாகவே கருதப்படலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்திலும் குமரியிலும் ஒரே புட்டி அடுக்களைக்கும் குளியலுக்கும் போகிறது என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். எண்ணெய்க்கு அங்கே வகை இல்லை. வகை பிரித்தது வரியும் வணிகமும்தான். இந்தச் சூழலில் கேரளத் தென்னை விவசாயிகள் கூட்டுறவு இணையமான கேராஃபெட்டின் 'கேரா' எண்ணெயும், சப்ளைகோ கடைகளில் மானிய விலையில் கிடைக்கும் 'சபரி' எண்ணெயும் காட்டுவது ஒன்றே: இடைத்தரகும் விளம்பரமும் இன்றி விவசாயியின் காயை நுகர்வோரின் கைக்குக் கொண்டுசேர்க்க முடியும்.

புட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சாஷே பாக்கெட் வந்தது. கடலூரில் தொடங்கிய 'சிக்' ஷாம்பு ஐம்பது காசுக்கும் ஒரு ரூபாய்க்கும் கிராமங்களை எட்டியதை ஏழைகளின் புரட்சி என்று மேலாண்மைப் பள்ளிகள் பாடம் நடத்துகின்றன. கூலி உயராத நாட்டில் பொருளைத் துண்டு துண்டாக நறுக்கி விற்பது புரட்சியாகிவிட்டது! பல அடுக்கு பிளாஸ்டிக்கால் ஆன அந்த உறைகளை மறுசுழற்சி செய்வது அரிது. அவை எங்கே போகின்றன? 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில், மலைபோல் சேர்ந்த குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடலுக்குப் பின் உடல் மீட்கப்பட்டது. உறையைச் செய்தவர் லாபக் கணக்கு எழுதினார், கிழித்தவர் மறந்துபோனார், அள்ள இறங்கியவர் உயிரைக் கொடுத்தார்.

தேர்வு யாருடையது?

'எதை வாங்குவது என்பது அவரவர் சுதந்திரம்' என்பது சந்தைவாதிகளின் இறுதி வாதம். உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் தேர்வு என்பது கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்பது. இடதுசாரிகள் அழகுக்கு எதிரிகள் என்ற பழியும் இத்துடன் சேர்த்தே வீசப்படுகிறது. பூச்சூடவும் சீவிச் சிங்காரிக்கவும் நேரமும் கூலியும் ஓய்வும் உழைக்கும் பெண்ணுக்கு வேண்டும் என்பதுதான் எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின் பொருள்களில் ஒன்று. அழகு அவளுடைய உரிமை. குறையுள்ளவள் என்ற பட்டம் அவளுடையதன்று.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. நீக்கப்பட்ட விதி 170க்கு ஈடான முன்ஒப்புதல் முறை அழகுசாதனங்களுக்கும் சேர்த்துச் சட்டமாக வேண்டும். கலவைப் பொருள்களின் பட்டியல் தமிழிலும் மலையாளத்திலும் படிக்கக்கூடிய எழுத்தளவில் அச்சிடப்பட வேண்டும். மிகைலாபத் தடுப்பு அமைப்பு மீண்டும் உயிர்பெற வேண்டும். உறை செய்யும் நிறுவனமே உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும். அழகுநிலையத் தொழிலாளர்களுக்குக் காற்றோட்டமும் மருத்துவப் பரிசோதனையும் சட்டப்படி உறுதியாக வேண்டும். தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிக்கும் கேராஃபெட் போன்றதொரு வலுவான கூட்டுறவு வேண்டும். மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஒவ்வொரு பகுதியிலும் இரத்தசோகைப் பரிசோதனை முகாம்களைத் தங்கள் வேலைத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்குக் கடை சாத்தியபின் கிழக்குக் கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் விற்பனைப் பெண்ணின் கூந்தல் எந்த வகை? பகலெல்லாம் வியர்த்து, குளிரூட்டியில் காய்ந்து, பேருந்தின் காற்றில் கலைந்து, வீட்டில் இன்னொரு வேலைநாள் முடியும்வரை அவிழ்க்க நேரமில்லாத கூந்தல். அதற்குப் பொருத்தமான புட்டி எந்த அடுக்கிலும் இல்லை. உட்காரும் உரிமையைச் சங்கமாகத் திரண்டு பெற்றவர்கள், உண்மையை அறியும் உரிமையையும் அப்படித்தான் பெற வேண்டியிருக்கும்.